முதல் நாள் ராத்திரிக்கு என்ன வேணும்?

வணக்கம்ங்க. வெளிநாடு போறவங்க பெட்டியில என்னென்ன சின்னச் சாமான் இருக்கணும்னு பேசச் சொல்லி ரேடியோ நிலையத்துல இருந்து கூப்பிட்டாங்க. நான் திருச்சியில இருந்து டூர் குரூப் கூட்டிட்டுப் போற ஆளு, சிங்கப்பூர், மலேசியா, துபாய் அடிக்கடி போவோம், நடுநடுவுல யூரோப், ஜப்பான், அதனால அடுத்தவங்க பெட்டியை எட்டிப் பாக்குறது எனக்கு வேலையில பாதின்னே வச்சுக்கோங்க.

நம்ம ஆளுங்க பெட்டி கட்டுறதப் பாத்தீங்கன்னா, அஞ்சு நாள் டூருக்குப் பத்து செட் துணி, முறுக்கு, அதிரசம், பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல் எல்லாம் பக்காவா இருக்கும், போன் சார்ஜ் போட ஒரு பின் இருக்காது. சட்டை மறந்துட்டா மறுநாள் கடையில வாங்கிக்கலாங்க. போய் எறங்குற முதல் நாள் ராத்திரி, கடையெல்லாம் சாத்துனப்புறம், ரூம்ல உக்காந்து எது இல்லாம கையப் பிசையப் போறீங்களோ அதை மொதல்ல எடுத்து வைங்க. அதுவும் பெரிய பெட்டியில வேணாம், கையில வச்சுக்கிற பையில வைங்க, ஏன்னா பெரிய பெட்டி சில நேரம் நம்ம கூட வராது, அடுத்த ப்ளைட்லதான் வரும்.

அதுல முதல் சாமான் அடாப்டர். நம்ம ஊரு பிளக்குக்கு உருண்டைக் கால். சிங்கப்பூர், மலேசியா, துபாய், லண்டன் இங்கெல்லாம் பட்டையா மூணு கால். அந்த ஊரு சாக்கெட்டை உத்துப் பாருங்க, கீழ ரெண்டு ஓட்டைக்கும் உள்ள ஒரு பிளாஸ்டிக் கதவு மூடியிருக்கும், மேல இருக்கிற எர்த் கால் மத்த ரெண்டையும் விடக் கொஞ்சம் நீளம், அது மொதல்ல உள்ள போயி அந்தக் கதவைத் தள்ளித் திறந்து விட்டாத்தான் மத்த ரெண்டும் நுழையும். நம்ம ரெண்டு கால் சார்ஜரை எவ்வளவு அழுத்துனாலும் போகாது. உடனே நம்ம ஆளு என்ன பண்ணுவாரு, பேனா மூடியை மேல் ஓட்டையில விட்டு நெம்பி சார்ஜரைச் சொருகிடுவாரு, பெரிய விஞ்ஞானி மாதிரி மத்தவங்களுக்கும் சொல்லிக் குடுப்பாரு. தயவுசெஞ்சு பண்ணாதீங்க, அந்த உருண்டைக் கால் உள்ள லூசா உக்காந்து சூடேறும், தீப்பொறி வரும். ஒரு சின்ன அடாப்டர் வாங்கிட்டா முடிஞ்சு போச்சு.

அமெரிக்கா, ஜப்பான்ல தட்டையா ரெண்டு கால், ஆஸ்திரேலியாவுல சாஞ்ச கால், அதனால போற ஊரு எதுன்னு சொல்லிக் கேட்டு வாங்குங்க. இன்னொண்ணு, அடாப்டர் காலை மட்டுந்தான் மாத்தும், கரண்ட்டை மாத்தாது. அமெரிக்காவுல 120 வோல்ட், ஜப்பான்ல 100 வோல்ட். போன் சார்ஜர் மேல பொடி எழுத்துல 100-240ன்னு போட்டிருக்கும், அது எங்க வேணாலும் ஓடும். ஆனா நம்ம வீட்டு மிக்ஸியையும் கெட்டிலையும் கொண்டு போனா மிக்ஸி முனகும், கெட்டில்ல தண்ணி கொதிக்கிறதுக்குள்ள தூக்கம் வந்துரும். பொண்ணு வீட்டுக்கு அமெரிக்கா போறவங்க அந்த ஊருக்குன்னே 110 வோல்ட்னு போட்டு விக்கிற மிக்ஸியை இங்கயே கேட்டு வாங்கிட்டுப் போங்க, கிடைக்குது.

பவர் பேங்க் கதை தனிக் கதை. அது பெரிய பெட்டியில போகவே கூடாது, கைப்பையிலதான். ஏன்னா லித்தியம் பேட்டரி தீப்பிடிச்சா ஆளுங்க இருக்கிற எடத்துலன்னா உடனே அணைக்கலாம், கீழ சரக்கு அறையில பிடிச்சா யாரு பாக்குறது? பேட்டரியில எவ்வளவு மின்சாரம் அடங்கும்னு சொல்ற கணக்கு வாட் அவர், அது 100 வரைக்கும் சும்மா விடுவாங்க. 20,000 எம்ஏஎச் போட்டதுன்னா 74 வாட் அவர்தான் வரும், பயமில்ல. ஆனா அந்த எழுத்து பவர் பேங்க் மேல தெளிவாத் தெரியணும், சாவி கூடவே பையில போட்டுத் தேச்சு அழிச்சுடாதீங்க, செக்கிங்ல இது எவ்வளவுன்னு கேட்டா காட்டுறதுக்கு அதுதான் இருக்கு. 2025 ஜனவரியில கொரியாவுல பூசான் ஏர்போர்ட்ல ஒரு விமானம் தீப்பிடிச்சு எரிஞ்சுதே, அதுக்கப்புறம் நிறைய கம்பெனி ரூலை இறுக்கிட்டாங்க. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ்ல 2025 ஏப்ரல்ல இருந்து ப்ளைட்டுக்குள்ள பவர் பேங்க்ல இருந்து போனுக்கு சார்ஜ் போடவே விடுறதில்ல. அதனால ஏறுறதுக்கு முன்னாடியே போனை நூறு பர்சென்ட் ஏத்திடுங்க.

அடுத்தது ஊக்கு. சிரிக்காதீங்க. நம்ம அம்மா, அத்தையெல்லாம் தாலிக்கொடியில ரெண்டு ஊக்கை மாட்டிட்டுத் திரிவாங்கல்ல, அந்தப் பழக்கத்துக்கு வெளிநாட்டுலதான் மரியாதை. பேக் ஜிப் பிஞ்சா ஊக்கு, பேன்ட் பட்டன் தெறிச்சா ஊக்கு, போன்ல சிம் டிரேயைத் திறக்கிற குச்சி தொலைஞ்சு போச்சா, மெல்லிசு ஊக்கு முனை போதும். சிம்முன்னதும் ஞாபகம் வருது, அந்த ஊரு சிம்மைப் போட்டுட்டு நம்ம சிம்மைக் கழட்டி டிஷ்யூ பேப்பர்ல சுத்தி வைப்பாங்க, மறுநாள் ரூம் கிளீன் பண்றவங்க குப்பைன்னு நெனச்சு அள்ளிட்டுப் போயிடுவாங்க. அப்புறம் பேங்க் ஓடிபி எங்க வரும்? ஒரு குட்டி ஜிப்லாக் கவர்ல போட்டு பாஸ்போர்ட் கூட வைங்க. அதே மாதிரி துணி காயப்போடுற கிளிப் நாலு, நைலான் கயிறு கொஞ்சம். கயிறு எதுக்குன்னு உங்களுக்கே தெரியும். கிளிப்பு, ஹோட்டல் ஜன்னல் திரை ரெண்டும் சேராம நடுவுல வெளிச்சம் அடிக்கும் பாருங்க, அங்க போட.

பாத்ரூம் விஷயம் ரேடியோவுல பேசலாமான்னு யோசிச்சேன், பேசாம விட்டாதான் தப்பு. யூரோப்ல பல எடத்துல வெறும் பேப்பர்தான், மக்கும் இருக்காது பைப்பும் இருக்காது. ஜப்பான்ல பட்டன் அமுக்குனா தண்ணி வரும், மலேசியாவுல பைப் இருக்கும், பிரச்சனை மத்த எடத்துலதான். தண்ணி பாட்டில் மூடிக்குப் பதிலா திருகுற மாதிரி சின்ன நாசில் ஆன்லைன்ல விக்குது, உள்ளங்கையில அடங்கிடும். வாங்குனவங்க யாரும் இதுவரைக்கும் என்கிட்ட குறை சொன்னதில்ல. யூரோப்ல வெளிய போகும்போது சில்லறையும் கையில இருக்கட்டும், பல ஸ்டேஷன் பாத்ரூம்ல காசு போட்டாத்தான் கதவே திறக்கும்.

மருந்துக்கு வருவோம், இங்கதான் கவனம் வேணும். மாத்திரையை அட்டையோட எடுத்துட்டுப் போங்க, உதிர்த்து டப்பாவுல கொட்டிட்டுப் போனா அது என்ன மாத்திரைன்னு உங்களாலயே நிரூபிக்க முடியாது. டாக்டர் சீட்டுல மருந்தோட மூலப் பேரு இருக்கணும், நம்ம ஊரு கம்பெனிப் பேரு அங்க யாருக்கும் புரியாது. சுகர் இருக்கிறவங்க இன்சுலினைக் கைப்பையிலதான் வச்சுக்கணும், கீழ சரக்கு அறைக் குளிர்ல உறைஞ்சு போச்சுன்னா அப்புறம் அதைப் போடக் கூடாது. சாதாரணமா நம்ம வீட்டுல இருக்கிற மருந்தே சில நாட்டுல வம்பு. சில இருமல் மருந்து, வலி மாத்திரையில வர்ற கோடீன், டிராமடால் கலந்த மருந்துக்கு துபாய்ல முன்கூட்டியே அனுமதி வாங்கணும். ஜப்பான்ல சூடோஎபிட்ரின் பத்து பர்சென்ட்டுக்கு மேல இருந்தா உள்ள விடவே மாட்டாங்க, மூக்கடைப்பு மாத்திரை பல இதுல வரும்.

சமையல் பொடியிலயும் இதே வம்பு இருக்கு. கசகசா! குருமா மசாலாவுல அரைச்சுப் போட்டு மகனுக்குக் குடுத்து விடுவாங்க பாவம். சிங்கப்பூர், துபாய், சவுதி இங்கெல்லாம் கசகசா தடை செஞ்ச பொருள், அது அபின் செடியோட விதைங்கிறதால. பொடியை அரைக்கும்போதே கசகசா இல்லாம அரைச்சுடுங்க. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போறவங்க நெய், தேன், விதை எது இருந்தாலும் பாரத்துல ‘இருக்கு’ன்னு டிக் பண்ணுங்க, அவங்க பாத்துட்டு விடலாம், இல்ல எடுத்துக் குப்பையில போடலாம், அபராதம் கிடையாது. சொல்லாம மாட்டுனா நியூசிலாந்துல அந்த எடத்துலயே 400 டாலர். ஊறுகாயைக் கைப்பையில வைக்காதீங்க, அதையும் எண்ணெய்க் கணக்குல சேத்துப் பிடுங்கிடுவாங்க.

பேனா ஒண்ணு, தங்கப் போற எடத்து அட்ரஸ் எழுதுன பேப்பர் ஒண்ணு. ஜப்பான், சீனான்னா அந்த ஊரு எழுத்துலயே பிரிண்ட் எடுத்துக்கோங்க, டாக்ஸிக்காரர்கிட்ட நீட்டுனா போதும், நீங்க வாயே திறக்க வேணாம். பாஸ்போர்ட் ஜெராக்ஸ் ரெண்டு, போட்டோ நாலு, பாஸ்போர்ட் இருக்கிற பையில இல்லாம வேற பையில. பாஸ்போர்ட் தொலைஞ்சா போலீஸ்ல எழுதிக் குடுத்துட்டு நம்ம தூதரகத்துக்குப் போனா ஊர் திரும்ப எமர்ஜென்சி சர்டிபிகேட் தருவாங்க, அதுக்கு இந்த ஜெராக்ஸும் போட்டோவும் கையில இருந்தா அலைச்சல் பாதி குறையும். ப்ளைட் எறங்கும்போது காது அடைக்கிறவங்களுக்கு இஞ்சி மரப்பா, உதடு வெடிக்கிறவங்களுக்கு வாஸ்லின், உள்ள காத்து அவ்வளவு வறட்சியா இருக்கும்.

எடுத்துட்டுப் போகக் கூடாத ஒண்ணையும் சொல்லிடுறேன், அது அடுத்தவங்க குடுக்கிற பார்சல். ஏர்போர்ட் வாசல்ல வந்து, “தம்பி, எங்க மச்சானுக்கு மாத்திரைப்பா, அங்க வந்து வாங்கிப்பாரு”ன்னு கெஞ்சுவாங்க. சிங்கப்பூர்ல 15 கிராமுக்கு மேல ஹெராயின் கடத்துனதா கேஸ் ஆச்சுன்னா மரண தண்டனை வரைக்கும் போகும், பை உங்க கையில இருந்தா உள்ள இருந்ததும் உங்களுதுன்னுதான் அந்த ஊரு சட்டம் எடுத்துக்கும், தெரியாதுன்னு நீங்கதான் நிரூபிக்கணும். எங்க குரூப்ல நான் முன்னாடியே சொல்லிடுவேன், சொந்த அத்தானே குடுத்தாலும் பிரிச்சுக் காட்டிட்டுதான் உள்ள வைக்கணும்னு. இதுல கோவிச்சுக்கிட்டுப் போறவங்களும் உண்டு, அவங்களுக்குப் பக்கத்துல இருக்கிற கூரியர் ஆபீஸுக்கு வழி காட்டிடுவேன். வணக்கம்.