வாய் மட்டும் அசைந்த அட்டாம்

வணக்கம். சின்ன வயதில் கார்ட்டூன் பார்த்தபோது ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். பேசுகிறவனின் வாய் மட்டும் அசையும். முகம், முடி, சட்டை எல்லாம் அப்படியே நிற்கும். ஜப்பானியக் கார்ட்டூன்களில் அது எங்கே வேர்விட்டது என்று தேடினால், அட்டாம் என்ற ரோபோ சிறுவனிடம் வந்து நிற்கவேண்டியிருக்கும்.

மருத்துவம் படித்த ஒசாமு தெசுகா, 1952 முதல் 'ஷோனென்' என்ற மாத இதழில் அட்டாமைச் சித்திரக்கதையாக வரைந்தார். விபத்தில் மகனைப் பறிகொடுத்த டென்மா என்ற விஞ்ஞானி, அதே சாயலில் ஒரு ரோபோவைச் செய்கிறார். பையன் வளரவில்லை. வளரவில்லையே என்று ஆத்திரப்பட்டு, பெற்ற அப்பா போல இருந்தவரே அவனைச் சர்க்கஸுக்கு விற்றுவிடுகிறார்! ஒரு லட்சம் குதிரைத்திறன் கொண்டவன், ஆனால் ஓர் அப்பா இல்லை. எனக்கு இந்தக் கதையில் பிடித்ததே இந்த இடம்தான்.

சரி, வாய்க்கு வருவோம். 1963 ஜனவரி 1 அன்று ஃபுஜி தொலைக்காட்சியில் அட்டாம் ஓடத் தொடங்கினான். வாராவாரம் அரை மணி நேரம், கறுப்பு வெள்ளை. சினிமாவில் ஒரு நொடிக்கு 24 சட்டங்கள், அதாவது ஃபிரேம்கள். இரண்டு சட்டத்துக்கு ஒரு படம் என்றாலும் நொடிக்கு 12 படம் வேண்டும். அரை மணிக்குப் பெருக்கிப் பாருங்கள், தலை சுற்றும். வாரத்துக்கு ஒன்று எப்படி முடிப்பது? மூன்று சட்டத்துக்கு ஒரு படம் போட்டார்கள். முகத்தை ஒரு தாளில் வரைந்து, வாயை மட்டும் தனித் தாளில் மாற்றினார்கள். அட்டாம் பறக்கும் படத்தைப் பத்திரமாக எடுத்து வைத்து, அடுத்த வாரம் வேறு வானத்தின் மேல் வைத்தார்கள். திரும்பவும் சொல்கிறேன்: அதே படம், வேறு வானம். நாம் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

இன்னொன்று, வானொலியில் சொல்லியே ஆகவேண்டியது: ஒலி. படம் அசையாத இடத்தை ஒலி நிரப்பியது. மட்சுவோ ஓனோ என்பவர் ஒலிநாடாவை வைத்துக்கொண்டு அட்டாமின் காலடிக்கென்றே ஓர் ஓசை செய்தார். உலோகம் நடப்பதுபோல இருக்காது. கீச்சுக் கீச்சென்று குழந்தை செருப்பு போட்டுக்கொண்டு ஓடுவதுபோல இருக்கும். அந்தச் சத்தம் இல்லாவிட்டால் அட்டாம் வெறும் படம்தான். டோக்கியோவின் தகடனோபாபா நிலையத்தில் ரயில் கிளம்பும்போது இன்றும் ஒலிப்பது அட்டாமின் தலைப்புப் பாட்டு மெட்டு.

இதற்கு ஒரு கறுப்புப் பக்கமும் உண்டு. தெசுகா செலவைவிடக் குறைந்த விலைக்குத் தொடரை விற்றார். நட்டத்தைத் தன் சித்திரக்கதை வருமானத்தில் ஈடுகட்டினார். அவரிடம் வருமானம் இருந்தது. பின்னால் வந்த ஓவியர்களுக்கு? அந்த அடிமாட்டு விலையே வழக்கமாகிவிட்டது என்று அனிமேஷன் இயக்குநர் ஹயாவோ மியாசாகி பின்னாளில் கடுமையாகக் குறை சொன்னார். எனக்கும் அவர் பக்கம்தான் நியாயம் தெரிகிறது.

கடைசி அத்தியாயம் பற்றி விரிவாகச் சொல்ல வைத்திருந்தேன், நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அப்பால் கை காட்டுகிறார்கள். சுருக்கமாக: 1966 டிசம்பர் 31, 193வது அத்தியாயம், பூமியைக் காப்பாற்ற அட்டாம் சூரியனை நோக்கிப் பறந்துபோகிறான். ஆனால் 1967இல் தெசுகாவே ஒரு செய்தித்தாளில் கதையைத் தொடர்ந்து, அவனைப் பிழைக்க வைத்துவிட்டார். வணக்கம்.