மாமியாரைத் தின்ற ஆடு

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். வாழ்த்து, பாராட்டு எல்லாவற்றையும் எனக்கு முன்னால் பேசியவர்களே முடித்துவிட்டார்கள். எனக்கு மிச்சம் வைத்தது தலைப்பை மட்டும்தான்: 'அடையாற்றை மீட்கப்போவது அரசின் திட்டமா, மக்கள் நடும் மரமா?' நான் மரத்தின் பக்கம்.

எதிரணித் தலைவர் சற்றுமுன் ஒன்று சொன்னார். நீங்களும் கைதட்டினீர்கள், கவனித்தேன். "ஒரு கன்றுக்குப் பத்துப் பேர் போட்டோவுக்கு நிற்கிறார்கள். அந்தப் போட்டோவுக்கு லைக் விழுவதற்குள் கன்றை ஆடு தின்றுவிடுகிறது" என்றார். ஐயா, நீங்கள் மாடு என்று சொல்லியிருந்தால் நான் சும்மா இருந்திருப்பேன். ஆடு என்று சொல்லிவிட்டீர்கள். எழுதி வந்த குறிப்பை எல்லாம் பைக்குள் வைத்துவிட்டேன்.

என் நண்பர் ஒருவர். பெயர் வேண்டாம், அவர் மனைவி இந்தப் பட்டிமன்றத்தை யூடியூபில் பார்ப்பவர். சைதாப்பேட்டைப் பக்கம் ஆற்றங்கரையில் மரம் நடும் குழுவில் இருக்கிறார். அங்கே ஒரு வழக்கம். நடுகிறவர் தன் வீட்டுப் பெரியவர் ஒருவரின் பெயரைத் தகரத்தில் எழுதிக் கன்றின் பக்கத்தில் ஊன்ற வேண்டும். பெயர் இருந்தால்தானே ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் ஊற்ற ஆள் வரும்? இவர் அப்பா பெயரில் ஒரு புங்கன் வைத்தார். அப்புறம் ஒரு பூவரசு வைத்து, மாமியார் பெயரை எழுதினார். அன்று வீட்டில் அவருக்குக் கிடைத்த மரியாதை, கல்யாணத்தன்று மாப்பிள்ளையாக உட்கார்ந்தபோதுகூடக் கிடைக்கவில்லையாம்.

மூன்றாம் நாள் குழுவின் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி. "சார், உங்க மாமியாரை ஆடு தின்னுடுச்சு."

இவர் என்ன செய்தார் தெரியுமா? பார்த்துவிட்டேன் என்ற அர்த்தத்தில் ஒரு கட்டைவிரலைத் தட்டிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். போனை மனைவி எடுத்தார்.

"எங்கம்மாவை ஆடு தின்னுடுச்சுன்னு போட்டிருக்காங்க. நீங்க கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருக்கீங்க!"

நடுவர் சிரிக்கிறார். கொஞ்சம் பொறுங்கள், இன்னும் இருக்கிறது. தலை ஈரம்கூடக் காயாமல் ஓடிப்போய் வேறு பூவரசு வைத்தார். ஆடு மறுபடியும் வந்தது. பக்கத்திலேயே இவர் அப்பா நிற்கிறார், ஆடு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக மாமியாரிடம் போனது. பூவரசு இலை என்றால் ஆட்டுக்கு உயிர், புங்கன் அதற்குப் பிடிக்காது, இதில் யார் சதியும் இல்லை என்று நண்பர் வீட்டில் விளக்கினார். மனைவி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "அப்போ இதெல்லாம் தெரிஞ்சுதான் உங்கப்பாவுக்கு மட்டும் புங்கன் வச்சீங்களா?"

கடைசியில் மாமியாரே கிளம்பினார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஆடு யாருடையது என்று விசாரித்துக்கொண்டே கரையோரம் நடந்தார். சண்டைக்குத்தான் போனார். ஆட்டுக்காரம்மா நிதானமாகச் சொன்னார்: "கன்னைச் சுத்தி நொச்சியும் ஆடாதொடையும் வைம்மா. எந்த ஆடும் அண்டாது." வைத்தார்கள். அண்டவில்லை. எதிரணித் தலைவரே, உங்கள் திட்ட அறிக்கையில் இந்த வரி எத்தனையாவது பக்கத்தில் இருக்கிறது? ஆட்டுக்காரம்மாவைக் கேட்டுவிட்டு எந்த டெண்டர் விட்டார்கள்?

சரி, தலைப்பையும் தொட்டுவிடுகிறேன், இல்லாவிட்டால் நடுவர் மதிப்பெண் குறைப்பார். ஆதனூர்ப் பக்கம் கிளம்பிக் கடலுக்கு ஏறக்குறைய 42 கிலோமீட்டர் வருகிற ஆறு இது. சாக்கடையை மரம் சுத்தம் செய்யுமா என்று கேட்டார்கள். செய்யாது. நடுவர் இதைக் குறித்துக்கொள்ள வேண்டாம். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியில் திறந்த, வினாடிக்கு 29,000 கன அடித் தண்ணீரை மரம் நிறுத்துமா என்றும் கேட்டார்கள். நிறுத்தாது. ஆனால் முடிச்சூரும் வரதராஜபுரமும் அந்தத் தண்ணீர் ஆற்றில் சேருகிற இடத்துக்கு மேலே இருக்கின்றன. அங்கே வீடுகளை மூழ்கடித்தது மேல்பக்கத்து ஏரிகளிலிருந்தும் வெற்று நிலத்திலிருந்தும் புரண்டு வந்த மழை. மரம் வேலை செய்கிற இடம் அதுதான். இலையில் பட்டு இறங்கும் மழை வேர் போன வழியில் மண்ணுக்குள் போகும். மீதி மெதுவாக ஓடும். ஏரியில் வண்டல் சேர்வதும் குறையும். நம்பாதவர்கள் கோட்டூர்புரம் மரப்பூங்காவுக்குப் போய்ப் பாருங்கள். ஆற்றோரம் குப்பைமேடாகக் கிடந்த இடம். 2006-இல் 'நிழல்' என்ற அமைப்பினர் நட ஆரம்பித்தார்கள். இன்று உள்ளே நின்றால் வெயில் தெரியாது.

புள்ளிவிவரம் போதும். அந்த மாமியார் இப்போது இல்லை. காரியம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை நண்பர் குடத்தை எடுத்தபோது மனைவி வாங்கிக்கொண்டார். "இன்னிக்கு எங்கம்மாவுக்கு நான் ஊத்துறேன்." தனியாகப் போனார். போய்ப் பார்த்தால் மரத்தடி ஏற்கெனவே நனைந்திருக்கிறது. கொஞ்சம் தள்ளி, காலிக் குடத்தோடு ஆட்டுக்காரம்மா உட்கார்ந்திருக்கிறார். "உங்கம்மா வரமாட்டாங்கன்னு தெரியும். அதான் நான் ஊத்திட்டேன்" என்றாராம். இதைச் சொல்லும்போது என் நண்பரால் முடிக்க முடியவில்லை. எனக்கும் முடியவில்லை, மன்னியுங்கள்.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். எதிரணித் தலைவரே, இந்த ஞாயிறு காலை ஆறரைக்குச் சைதாப்பேட்டைக்கு வாருங்கள். உங்கள் அம்மா பெயரைச் சொல்லுங்கள், தகரத்தில் நானே எழுதித் தருகிறேன். கன்று மட்டும் புங்கனாக வைத்துக்கொள்வோம். நன்றி, வணக்கம்.