ஆறாவது ஸ்வரத்தில் உடைந்த டாப்ஸ்

வணக்கம் மக்களே! இன்றைக்கு ஒரே ஒரு ட்யூன் பற்றித்தான் பேசப் போகிறேன். முழுதாக வாசித்தாலும் ஒரு நிமிடம் பக்கம்தான் வரும். அமெரிக்காவில் ராணுவ மரியாதையோடு யாரை அடக்கம் செய்தாலும், அவர் ஜெனரலாக இருந்தாலும் சாதாரண சிப்பாயாக இருந்தாலும், இதைத்தான் வாசிப்பார்கள். பெயர் டாப்ஸ். நம் இந்திய ராணுவத்தில் வாசிக்கிற லாஸ்ட் போஸ்ட் வேறு, அது பிரிட்டிஷ்காரர்கள் விட்டுப்போனது. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

இதோ, என் கையில் இருப்பது பியூகிள். கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டுவருகிறேன், பாருங்கள். டிரம்பெட்டில் விரல் வைத்து அழுத்த மூன்று பிஸ்டன் இருக்குமே, இதில் ஒன்றுகூடக் கிடையாது. வெறும் வளைந்த பித்தளைக் குழாய். எல்லா வேலையும் உதட்டுக்குத்தான். இறுக்கினால் மேலே போகும், தளர்த்தினால் கீழே வரும். அதனால் இதில் கிடைக்கிற ஸ்வரங்களே கொஞ்சம்தான். டாப்ஸுக்கு வேண்டியது நான்கு: கீழ்ப் பஞ்சமம், ஷட்ஜம், அந்தர காந்தாரம், மேல் பஞ்சமம். ரிஷபம் இல்லை, மத்யமம் இல்லை.

பாடிக் காட்டுகிறேன். ப ப ச. ப ச க. அப்புறம் ப ச க, ப ச க, ப ச க. பிறகு ச க ப என்று உச்சிக்கு ஏறி, க ச ப என்று இறங்கி, கடைசியில் ப ப ச. எண்ணிப் பாருங்கள், மொத்தம் 24. அந்த மேல் பஞ்சமம் முழுப் பாட்டிலும் ஒரே ஒரு தடவைதான் வரும். ஏறி நின்றுவிட்டு உடனே இறங்கிவிடுகிறது. கேட்கிறவர்களுக்குத் தொண்டை அடைப்பது அந்த இடத்தில்தான்.

இது எப்படி வந்தது? வாட்ஸ்அப்பில் ஒரு கதை சுற்றும். வடக்கு மாகாணங்களும் தெற்கு மாகாணங்களும் மோதிய அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஒரு கேப்டன் இருட்டில் ஒரு உடலை இழுத்துவந்து விளக்கில் பார்த்தால் சொந்த மகன், அவன் சட்டைப்பையில் இந்த ட்யூன் இருந்தது என்று. கண் கலங்க வைக்கும், ஆனால் கட்டுக்கதை. நிஜக் கதையில் இவ்வளவு சினிமா இல்லை. 1862 ஜூலை, வர்ஜீனியாவில் ஹாரிசன்ஸ் லேண்டிங் என்ற இடம். ஏழு நாள் தொடர்ந்து அடிபட்டு வந்து முகாம் போட்டிருக்கிறது வடக்குப் படை. டேனியல் பட்டர்ஃபீல்ட் என்ற பிரிகேடியர் ஜெனரலுக்கு, இரவில் விளக்கணைக்க ஊதுகிற பழைய அழைப்பு பிடிக்கவில்லை, ரொம்ப விறைப்பாக இருக்கிறது என்று. ஆலிவர் நார்ட்டன் என்ற இளம் பியூகிள்காரரைக் கூப்பிட்டு, ஒரு உறையின் பின்பக்கம் பென்சிலால் குறித்து வைத்ததை ஊதச் சொல்கிறார். இதை நீட்டு, அதைக் குறை என்று திருத்துகிறார். அன்று இரவே ஊதியாகிவிட்டது. மறுநாள் பக்கத்து படைப்பிரிவுகளிலிருந்து பியூகிள்காரர்கள் வந்து பிரதி கேட்டார்களாம். நார்ட்டனே பிற்காலத்தில் எழுதி வைத்திருக்கிறார். ஆக, முதலில் இது தூங்கச் சொல்கிற பாட்டு. பழைய அழைப்பு ஒன்றைத்தான் பட்டர்ஃபீல்ட் மாற்றி அமைத்தார் என்றும் சொல்வார்கள். அதே போர்க்காலத்தில் ஜான் டிட்பால் என்ற பீரங்கிப்படை கேப்டன் ஒரு வீரரை அடக்கம் செய்யும்போது, எதிரி மிக அருகில் இருந்ததால் மரியாதை வேட்டு போடாமல் இதை ஊதச் சொன்னார். இறுதிச் சடங்குக்கு வந்தது அப்படி.

சரி, தலைப்புக்கு வருகிறேன். 1963 நவம்பர் 25, ஆர்லிங்டன் தேசியக் கல்லறை. அமெரிக்க அதிபர் ஜான் கென்னடியின் அடக்கம். ஊதியவர் அமெரிக்க ராணுவ இசைக்குழுவைச் சேர்ந்த சார்ஜென்ட் கீத் கிளார்க். குளிரில் வெகுநேரம் அசையாமல் நின்றிருக்கிறார். துப்பாக்கி வேட்டு காதுக்குப் பக்கத்தில் வெடித்து அடங்குகிறது, உடனே ஊத வேண்டும். உலகமே டிவியில் பார்க்கிறது. ப ப ச வந்தது. அடுத்து ப, ச... அந்த க-வில் உடைந்தது. ஆறாவது ஸ்வரம். வீடியோ இருக்கிறது, கேளுங்கள். ஒரு விசும்பல் மாதிரியே இருக்கும். வேண்டுமென்றே அப்படி ஊதினார் என்றுகூடப் பலர் நினைத்தார்கள். அப்படியெல்லாம் இல்லை, உதடு பிசகியது. அவர் நிறுத்தவில்லை, மிச்சம் 18 ஸ்வரத்தையும் சுத்தமாக ஊதி முடித்தார்.

ஒரு இசைக்காரனாகச் சொல்கிறேன், அந்தப் பதிவை மிஞ்சிய டாப்ஸ் நான் கேட்டதில்லை. இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இப்போது நடப்பது வேறு. 2000 முதல் அங்கே ஒரு சட்டம் இருக்கிறது. முன்னாள் வீரர் இறந்து குடும்பம் கேட்டால், குறைந்தது இரண்டு ராணுவத்தினர் வந்து கொடியை மடித்துக் கொடுத்து, டாப்ஸும் ஒலிக்க வேண்டும். ஆனால் இரண்டாம் உலகப் போர்த் தலைமுறை வேகமாக மறைந்துகொண்டிருந்த காலம் அது, ஊத ஆள் போதவில்லை. அதனால் பதிவு செய்ததைப் போடலாம் என்று சட்டமே இடம் கொடுத்தது. 2003-இல் இன்னும் ஒரு படி போனார்கள். பியூகிளின் விரிந்த முனைக்குள் செருகுகிற ஒரு சின்னக் கருவி. பொத்தானை அழுத்திவிட்டு உதட்டில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டும், உள்ளே இருக்கிற ஸ்பீக்கர் ஆர்லிங்டனில் பதிவான டாப்ஸைப் பாடும். ஒரு ஸ்வரம்கூடப் பிசகாது!

எனக்கு இது ஒப்பவில்லை. பதிவைப் போடுவதானால் ஸ்பீக்கர் பெட்டியிலேயே போடுங்கள், ஊதுவதுபோல் நிற்பானேன்? ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. எங்கோ ஒரு கிராமத்துக் கல்லறையில், நாலு பேர் நிற்கிற இடத்தில், இறந்தவர் வீட்டு அம்மாவுக்குக் கொடியோடு இந்த 24 ஸ்வரமும் கிடைத்ததே என்று யாராவது சொன்னால் என்னிடம் பதில் இல்லை.

அதனால்தான் டாம் டே செய்தது எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிகிறது. அமெரிக்க மரீன் படையில் இருந்தவர். 2000-இல் 'பியூகிள்ஸ் அக்ராஸ் அமெரிக்கா' என்று ஆரம்பித்து, காசு வாங்காமல் போய் ஊத நாடு முழுக்க ஆள் சேர்த்தார். பள்ளிப் பிள்ளைகள், ஓய்வுபெற்றவர்கள், பேண்டில் வாசித்துப் பழகியவர்கள் என்று யாரும் சேரலாம். 2020 மே மாதம், ஊரடங்கில் அணிவகுப்பு எல்லாம் ரத்தானபோது, சிபிஎஸ் என்ற அமெரிக்க டிவியின் செய்தியாளர் ஸ்டீவ் ஹார்ட்மனும் விமானப்படையில் பியூகிள் வாசித்து ஓய்வுபெற்ற ஜாரி வில்லனுவேவாவும் ஒரு அழைப்பு விட்டார்கள்: போரில் இறந்தவர்களுக்கான மெமோரியல் டே அன்று, உங்கள் உள்ளூர் நேரம் மாலை 3 மணிக்கு வீட்டு வாசலில் நின்று டாப்ஸ் வாசியுங்கள். எத்தனையோ பேர் வாசித்தார்கள், அடுத்தடுத்த வருடங்களிலும் தொடர்ந்தது.

அங்கே இருக்கிற நம் ஆட்கள் சிலர் இந்த சேனலைப் பார்க்கிறீர்கள். மெமோரியல் டே எப்போதும் மே மாதக் கடைசித் திங்கட்கிழமை. பிள்ளைகள் பள்ளி பேண்டில் டிரம்பெட் கற்றுக்கொண்டிருந்தால் பிஸ்டனைத் தொடாமலே இதை வாசிக்கலாம், இப்போதே ஆரம்பித்தால் அதற்குள் உதடு படிந்துவிடும். ஸ்வரம் எல்லாம் டிஸ்கிரிப்ஷனில் தமிழில் போட்டிருக்கிறேன்.