சைலன்சரை மாற்றியபின் கார்புரேட்டர்

நேயர்களுக்கு வணக்கம். வார்ப்பிரும்பு என்ஜின் கொண்ட பழைய புல்லட் 350 வண்டியில் கம்பெனி சைலன்சரைக் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டியதும், ஆக்சிலரேட்டரை விடும்போதெல்லாம் படபடவென்று வெடிப்பதைப் பலர் ரசிக்கிறார்கள். என்ஜினையும் சைலன்சரையும் இணைக்கும் பெண்ட் பைப் சேருமிடத்தில் கேஸ்கெட் கசியவில்லை என்றால், என்ஜினுக்குப் பெட்ரோல் போதவில்லை என்பதற்கு அந்த வெடிப்பே பெரும்பாலும் அடையாளம்.

புகை தடையின்றி வெளியேறும்போது சிலிண்டருக்குள் காற்று கூடுதலாக வருகிறது. ஆனால் காற்றோடு பெட்ரோலைக் கலந்து என்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டரில், பெட்ரோலை அளந்துவிடும் ஜெட்டின் துளை பழைய அளவிலேயே இருப்பதால், அதற்கு ஈடாகப் பெட்ரோல் கூடுவதில்லை. ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிய எடையில் 14.7 பங்கு காற்று தேவை என்றாலும், முழு இழுவை வேண்டுமானால் காற்று 13 பங்குக்குச் சற்றுக் குறைவாகவே இருக்க வேண்டும்.

பல பட்டறைகளில் ஐடிலிங்கில், அதாவது ஆக்சிலரேட்டர் கொடுக்காமல் என்ஜின் ஓடும் நிலையில், வண்டியை நிறுத்தி, கார்புரேட்டரின் பக்கத்து ஸ்க்ரூவை அரைச் சுற்றுத் திருப்பிவிட்டு வேலை முடிந்தது என்கிறார்கள். இதை நான் வன்மையாக மறுக்கிறேன். அந்த ஸ்க்ரூவின் ஆட்சி ஆக்சிலரேட்டரின் முதல் கால் பங்கோடு ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. அதற்குமேல் முக்கால் பங்கு வரை, ஆக்சிலரேட்டரோடு மேலெழும் ஊசியான நீடிலும், அதன்பின் பெட்ரோலுக்கான முக்கியத் துளையான மெயின் ஜெட்டும் பொறுப்பேற்கின்றன. நெடுஞ்சாலையில் சூடேறி பிஸ்டன் பிடித்துக்கொள்வது அந்த மேல் பகுதியில்தான்.

ஆகவே மெயின் ஜெட்டிலிருந்து தொடங்குங்கள். ஒரே ஒரு எண் பெரிய ஜெட்டை மாட்டி, புதிய ஸ்பார்க் பிளக்குடன், போக்குவரத்தில்லாத நீண்ட சாலையில் முழு ஆக்சிலரேட்டரில் சற்று ஓட்டி, கிளட்சைப் பிடித்து அதே நொடியில் என்ஜினை நிறுத்தி, பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பீங்கான் பகுதி வெளேரென்று இருந்தால் பெட்ரோல் இன்னும் போதவில்லை. கரி படிந்திருந்தால் அதிகம். இளம் பழுப்பு நிறமே சரியானது. பழைய ஜெட்டின் துளையைக் கம்பியால் குடைந்து பெரிதாக்குவதை மட்டும் எவருக்கும் அனுமதிக்காதீர்கள். குடைந்த துளையின் அளவை யாராலும் சொல்ல முடியாது.

அடுத்து நீடில். அதன் மேல்பகுதிப் பள்ளங்களில் மாட்டியிருக்கும் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்கினால் நீடில் மேலெழுந்து பெட்ரோல் கூடும். கடைசியாக, என்ஜின் நன்கு சூடானபின் ஸ்க்ரூவுக்கு வாருங்கள். அது ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் காற்றைக் கட்டுப்படுத்துவது, உள்ளே திருகினால் கலவை செறியும், அதாவது பெட்ரோலின் பங்கு கூடும். என்ஜின் பக்கம் இருந்தால் பெட்ரோலைக் கட்டுப்படுத்துவது, வெளியே திருகினால்தான் செறியும். ஐடிலிங் மிகச் சீராகவும் வேகமாகவும் ஓடும் இடத்தில் ஸ்க்ரூவை நிறுத்திவிட்டு, ஐடிலிங் வேகத்தைப் பிறகு குறைத்துக்கொள்ளலாம்.

புகைப் பரிசோதனைச் சான்றிதழ் கிடைத்துவிட்டதே என்று நிம்மதி அடைய வேண்டாம். அந்தச் சோதனை ஐடிலிங்கில் மட்டுமே நடக்கிறது. மெயின் ஜெட்டைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.