குபேர் படகின் ஓட்டுநர்

(உலக மீனவர் தினத்தையொட்டி உவரியில் நடந்த கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பங்குத்தந்தை அவர்களே, ஊர்க் கமிட்டிப் பெரியவர்களே, கூத்தங்குழியிலிருந்தும் கூடுதாழையிலிருந்தும் வந்திருக்கும் சகோதரர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

மானிய மண்ணெண்ணெயைப் பற்றியும் தூண்டில் வளைவைப் பற்றியும் எனக்கு முன்னால் பேசியவர்கள் குறைவின்றிச் சொல்லிவிட்டார்கள். நான் ஒரே ஒரு மனிதரை நினைவுகூர வந்திருக்கிறேன். அவர் நம் ஊர்க்காரர் அல்லர். நம் மொழி பேசியவரும் அல்லர். குஜராத் கடலில் விசைப்படகு ஓட்டிப் பிழைத்தவர். அமர்சிங் சோலங்கி என்பது அவர் பெயர்.

2008 நவம்பர் 26 இரவு மும்பையில் நடந்த பயங்கரவாதத் தாக்குதலைப் பற்றி இங்குள்ள பிள்ளைகளைக் கேட்டாலும் ரயில் நிலையத்தையும் தாஜ் ஓட்டலையும் சொல்லிவிடுவார்கள். தொலைக்காட்சி நமக்குக் காட்டியது அவற்றைத்தான். ஆனால் அந்தக் கொலைகள் அதற்கு மூன்று நாள் முன்பே, நவம்பர் 23 அன்று, போர்பந்தரில் பதிவான ‘குபேர்’ என்ற மீன்பிடிப் படகில் தொடங்கிவிட்டன. அந்தப் படகில் ஐந்து பேர் தொழில் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர்கள் எப்படிப் பிடிபட்டார்கள் என்பதைத்தான் இந்தக் கூட்டத்தில் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன். கராச்சியிலிருந்து பத்துப் பயங்கரவாதிகளை ஏற்றிவந்த ‘அல் ஹுசைனி’ என்ற கப்பலில் இருந்தவர்கள், அறுந்துபோன எஞ்சின் பெல்ட் ஒன்றைக் கையில் தூக்கிக் காட்டினார்கள் என்று, அந்தப் பத்துப் பேரில் உயிரோடு பிடிபட்ட ஒரே ஆளான கசாப் பின்னாளில் நீதிபதி முன் கொடுத்த வாக்குமூலம் சொல்கிறது. எங்கள் எஞ்சின் நின்றுவிட்டது, உதவுங்கள் என்பதுதான் அந்தச் சைகைக்குப் பொருள். குபேர் பக்கத்தில் போனது. நம்மில் யார் போகாமல் இருந்திருப்போம்? நடுக்கடலில் எஞ்சின் நின்று கிடப்பவனைக் கண்டால், வலையை அப்படியே போட்டுவிட்டு, பிடித்த பாடும் போகட்டும் என்று கயிறு கட்டி இழுத்துவருவதை நம் அப்பன் பாட்டன் எவரும் தருமம் என்று சொல்லிக்கொண்டதில்லை. அது தொழிலோடு சேர்ந்த வழக்கம். அந்த வழக்கத்தை நன்றாகத் தெரிந்துவைத்திருந்தவர்கள் அதையே பொறியாக வைத்தார்கள். பயங்கரவாதத்தில் நான் மன்னிக்கவே முடியாததாக நினைப்பது இதைத்தான்.

நான்கு பேரை அந்தக் கப்பலுக்கு மாற்றிக் கொன்றுவிட்டு, சோலங்கியை மட்டும் உயிரோடு வைத்துக்கொண்டார்கள். பத்துப் பேரும் கடலில் பயிற்சி எடுத்தவர்கள், கையில் ஜி.பி.எஸ். கருவியும் சாட்டிலைட் போனும் இருந்தன. ஆனாலும் அந்தப் படகின் எஞ்சினையும் அந்தக் கடலையும் பழகிய கை ஒன்று அவர்களுக்குத் தேவைப்பட்டது. அவர் மூன்று நாள் துப்பாக்கி முனையில் படகை ஓட்டினார். 26-ஆம் தேதி மாலை, மும்பைக் கரை நான்கு கடல் மைல் அளவில் நெருங்கியபோது, இனி அவர் தேவையில்லை என்று முடிவாயிற்று. அவரை எஞ்சின் அறைக்குக் கொண்டுபோய்க் கழுத்தை அறுத்துவிட்டு, ரப்பர் படகில் ஏறிக் கொலாபாப் பக்கத்து மீனவர் குடியிருப்பில் கரை இறங்கினார்கள்.

படகின் அடி வால்வைத் திறந்து அதை மூழ்கடித்துவிடுவது அவர்கள் திட்டம். அப்படி நடந்திருந்தால் சோலங்கியும் காணாமல் போனவர் பட்டியலில் ஐந்தாவதாகச் சேர்ந்திருப்பார். தூரத்தில் தெரிந்த வேறொரு படகைக் கடற்படை என்று எண்ணிப் பதறி, வால்வைத் திறக்காமலேயே கிளம்பிவிட்டார்கள். சாட்டிலைட் போனையும் மறந்து விட்டுப்போனார்கள். மறுநாள் கடலில் மிதந்துகொண்டிருந்த குபேரில் அவருடைய உடலும் அந்தப் போனும் ஜி.பி.எஸ். கருவியும் கிடைத்தன. அவர்கள் கடல் வழியாக வந்தார்கள் என்பதை நீதிமன்றத்தில் நிறுவப் பெருந்துணையாக நின்றது அந்தப் படகுதான். கசாப்பின் மரண தண்டனையை உச்ச நீதிமன்றம் 2012 ஆகஸ்டில் உறுதிசெய்தது. அதே ஆண்டு நவம்பர் 21 அன்று அது நிறைவேற்றப்பட்டது. அன்றும் உலக மீனவர் தினம் என்பதை எந்தச் செய்தியிலும் நான் பார்த்ததாக நினைவில்லை.

செத்தவருக்கு முதல் நாட்களில் கிடைத்தது அஞ்சலி அன்று, சந்தேகம். படகுக்காரர் உடந்தையாக இருந்திருக்கலாமோ என்ற பேச்சு எழுந்தது. மற்ற நால்வருக்கோ உடலே கிடைக்கவில்லை. ஏழாண்டு தகவல் இல்லாதிருந்தால்தான் ஒருவர் இறந்ததாகக் கொள்ளலாம் என்பது 2024 வரை நடப்பில் இருந்த இந்திய சாட்சியச் சட்டத்தின் 108-ஆம் பிரிவு. கொன்றவனே கொன்றதாக ஒப்புக்கொண்ட பிறகும், அந்த வீட்டுப் பெண்கள் இறப்புச் சான்றிதழுக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்து நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது. 2017-இல் ஒக்கி புயலில் போனவர்களின் குடும்பங்கள் இதே ஏழாண்டு விதியின் முன்னால் நின்றதை நம் கண்ணால் பார்த்தோம். குமரிக் கடற்கரை ரோட்டுக்கு வந்து போராடிய பிறகுதான் அது தளர்ந்தது.

இன்று நீங்கள் கடலுக்குக் கொண்டுபோகும் அடையாள அட்டை, படகின் பதிவெண், படகுக்கு மாநிலத்துக்கொரு நிறம், கடலோரக் காவல் நிலையம் எல்லாம் அந்த நவம்பருக்குப் பிறகு பெருகியவை. ‘சாகர் கவாச்’ என்ற கடலோரப் பாதுகாப்பு ஒத்திகையின்போது கூடங்குளம் அணுமின் நிலையத்தை ஒட்டிய கடலில் தீவிரவாதி வேடத்தில் போலீசார் படகில் வருவதும், நம் ஆட்களை நிறுத்தி அட்டை கேட்பதும் உங்களுக்குப் பழகிப்போனவை. பாதுகாப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அணு உலைக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்கள் அப்படிச் சொல்லவும் முடியாது. ஆனால் அட்டை கேட்கிற அதிகாரிக்கும் காட்டுகிற இளைஞனுக்கும் இந்த ஏற்பாட்டின் தொடக்கத்தில் கொலையுண்ட ஐந்து மீனவர்கள் இருக்கிறார்கள் என்பது தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தால் கேட்கிற குரலே கொஞ்சம் மாறும்.

ஆகவே இரண்டு வேண்டுகோள். அடுத்த ஒத்திகைக்கு முன்னால் அதிகாரிகள் நம் ஊரில் கூட்டம் போடும்போது, சோலங்கியின் கதையைச் சொல்லி அதைத் தொடங்கும்படி ஊர்க் கமிட்டி எழுதிக் கேட்க வேண்டும்.

இன்னொன்று இளைஞர்களுக்கு. எஞ்சின் நின்ற படகைக் கண்டால் ஒதுங்கிப் போய்விடுங்கள் என்று ஒருபோதும் நான் சொல்லமாட்டேன்; போங்கள். போவதற்கு முன்னால் பக்கத்துப் படகுக்குக் குரல் கொடுங்கள், வி.எச்.எப். ரேடியோ இருந்தால் அவசர அழைப்புக்கான 16-ஆம் சேனலில் சொல்லுங்கள். சிக்னல் கிடைக்கும் தூரமானால் கடலோரக் காவல்படைக்கு 1554, கடலோரப் போலீசுக்கு 1093. இந்த இரண்டு எண்களையும் பைபர் படகின் உள்பக்கத்தில், எஞ்சினுக்கு அருகில், பெயின்டால் பெரிதாக எழுதிவையுங்கள்.