ஒரு யூனிட் மின்சாரத்தின் கரியமிலக் கணக்கு

நேயர்களுக்கு வணக்கம். தமிழ்நாட்டின் மின் உற்பத்தியால் ஓராண்டில் எவ்வளவு கரியமில வாயு காற்றில் கலக்கிறது என்று கேட்டால், விடையாக ஓர் எண்ணை எதிர்பார்க்கிறோம். அந்த எண் எப்படிப் பிறக்கிறது, எந்த எல்லைக்குள் அது பொருந்தும் என்பதைப் பற்றியே இன்று பேசவிருக்கிறேன்.

அனல் மின் நிலையத்தின் புகைபோக்கியில் கருவி பொருத்தி இதை அளக்கிறார்கள் என்று பலரும் நினைப்பதுண்டு. கந்தக டை ஆக்சைடு, தூசு போன்ற மாசுகளுக்கு அத்தகைய கருவிகள் நம் நிலையங்களில் உள்ளன. கரியமில வாயுவுக்கான தேசியக் கணக்கோ எரிபொருள் பதிவேட்டிலிருந்து எழுதப்படுகிறது. எரித்த நிலக்கரியின் எடையை அதன் வெப்ப மதிப்பால் பெருக்கி, ஒவ்வொரு வெப்ப அலகுக்கும் எவ்வளவு வாயு வெளியாகும் என்ற காரணியால் மீண்டும் பெருக்குகிறார்கள். 12 கிராம் கார்பன் முழுதும் எரிந்தால் 44 கிராம் கரியமில வாயு உண்டாகும் என்ற வேதியியலில் எவருக்கும் ஐயமில்லை. ஐயமெல்லாம் நிலக்கரியின் தரத்தைப் பற்றியதே. ஒடிசாவின் தால்ச்சர் சுரங்கப் பகுதியிலிருந்து பாராதீப் துறைமுகம் வழியாகக் கப்பலேறி எண்ணூருக்கும் தூத்துக்குடிக்கும் வரும் நிலக்கரியில் சாம்பல் மிகுதி. ஈரமும் சரக்குக்குச் சரக்கு மாறும். ஆகவே மாதிரி எடுத்துச் சோதிக்கும் சிறிய ஆய்வுக்கூடத்தைப் பொறுத்தே கணக்கின் நம்பகம் அமைகிறது என்பது என் கருத்து.

பழைய 210 மெகாவாட் அலகு ஒன்று ஒரு யூனிட் உற்பத்தி செய்ய ஏறத்தாழ 2,500 கிலோ கலோரி வெப்பம் கேட்கிறது என்று கொண்டால், வெளியாகும் வாயு 900 கிராமைத் தாண்டும். நிலையம் தன் சொந்தப் பயன்பாட்டுக்கு எடுத்துக்கொள்ளும் எட்டு, ஒன்பது சதவீதத்தைக் கழித்துப் பார்த்தால், வெளியே அனுப்பும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஏறக்குறைய ஒரு கிலோ ஆகிறது. நெய்வேலியின் பழுப்பு நிலக்கரியில் ஏறத்தாழ பாதி ஈரம். அதை ஆவியாக்கவே வெப்பத்தில் ஒரு பங்கு போய்விடுவதால், அங்கே யூனிட்டுக்கு இதைவிடக் கூடுதலாகும்.

மத்திய மின்சார ஆணையம் 2006 முதல் இத்தகைய கணக்கை நிலையம் வாரியாக வெளியிட்டுவருகிறது. 2023–24ஆம் ஆண்டுக்கு நாடு முழுமைக்குமான சராசரி, புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தையும் சேர்த்து, ஒரு மெகாவாட் மணிக்கு, அதாவது ஆயிரம் யூனிட்டுக்கு, 0.727 டன். தென்மாநில மின்தொகுப்பு 2013 டிசம்பர் 31 அன்று தேசியத் தொகுப்போடு இணைந்தபின் நாடெங்கும் ஒரே தொகுப்பாயிற்று. அதன் சராசரியைத் தமிழ்நாட்டுக்கும் அப்படியே பொருத்துவது வசதிதான், ஆனால் முப்பந்தலின் காற்றாலைகளும் கூடங்குளத்தின் 2,000 மெகாவாட் அணுமின்சாரமும் அந்த எண்ணில் தனித்துத் தெரியா.

இங்குதான் எல்லைக் கேள்வி எழுகிறது. தால்ச்சரில் உற்பத்தியாகும் மின்சாரம், 2003இல் செயல்பாட்டுக்கு வந்த உயர் அழுத்த நேர்மின் பாதை வழியாகக் கர்நாடகத்தின் கோலாரை அடைந்து, அங்கிருந்து தென்மாநிலங்களுக்குப் பிரிகிறது. தமிழ்நாட்டுக்கும் அதில் பங்குண்டு. விளக்கு நம் வீட்டில் எரிய, உமிழ்வு ஒடிசாவின் பெயரில் பதிவாகிறது. நெய்வேலியிலோ நிலை தலைகீழ்: அண்டை மாநிலங்களும் பங்குபெறும் மின்சாரத்தின் புகை கடலூர் மாவட்டத்தில் தங்கிவிடுகிறது. உற்பத்தி அடிப்படையில் ஓர் எண், நுகர்வு அடிப்படையில் வேறோர் எண் வரும். இரண்டுமே சரிதான், எது எந்த அடிப்படையில் வந்தது என்று சொல்லாமல் வெளியிடும்போதுதான் வீண் வாக்குவாதம் வளர்கிறது.

ஆண்டுச் சராசரி மறைத்துவிடும் இன்னொன்று பருவம். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் காற்றாலை மின்சாரம் பெருகி, அனல் நிலையங்கள் உற்பத்தியைக் குறைக்கின்றன. காற்று ஓய்ந்த மாதத்தின் மாலை நேர யூனிட்டுக்கு உமிழ்வு அதைவிட மிகுதி. குறைந்த சுமையில் ஓடும் கொதிகலன் யூனிட்டுக்குக் கூடுதல் நிலக்கரி தின்னும் என்பதால், காற்றால் கிடைக்கும் மிச்சத்திலும் சிறிது கழிக்கவேண்டும். மின்சுமைப் பகிர்வு மையங்களில் உற்பத்தியும் தேவையும் 15 நிமிடத்துக்கு ஒருமுறை பதிவாகின்றன. அந்தப் பதிவோடு ஒவ்வொரு அலகின் எரிபொருள் செலவையும் இணைத்து, மாதந்தோறும் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப் புதிய கருவி எதுவும் தேவையில்லை. ஆலைகள் தம் பயன்பாட்டுக்கென நடத்தும் சொந்த மின் நிலையங்களையும், மின்தடையின்போது இயங்கும் டீசல் ஜெனரேட்டர்களையும் அதில் சேர்ப்பதுதான் கடினமான வேலை.