கப்போர்டுல கப்பும் இல்ல, போர்டும் இல்ல: ஒரு நேயரோட சந்தேகம்

வணக்கம். ஒரு அம்மா கேட்டிருக்காங்க: "எங்க வீட்டு கப்போர்டு பூரா துணிதான். அதுல கப்பும் இல்ல, போர்டும் இல்ல. அப்புறம் ஏன் சார் அந்தப் பேரு?" படிச்சதும் அவ்வளவு சந்தோஷம் எனக்கு!

பிரேக்ஃபாஸ்ட் பத்திப் பேசினப்ப சொன்னதுதான். சேந்த சொல்லை இன்னிக்கு இருக்கிற அர்த்தத்தை வெச்சுப் பிரிக்காதீங்க. அது பொறந்த காலத்து அர்த்தத்தை வெச்சுப் பிரிங்க.

14ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துல 'போர்டு'ன்னா பலகை, சாப்பாட்டு மேசை. பெரிய வீட்டுக் கூடங்கள்ல கால் தாங்கி மேல பலகையைப் போட்டுச் சாப்பிடுவாங்க, முடிஞ்சதும் கழட்டி ஓரமா வெச்சிடுவாங்க. கிண்ணமும் வெள்ளிப் பாத்திரமும் அடுக்கி வெச்ச மேசைதான் கப்போர்டு. கதவே கிடையாது, நாலு பேர் பாக்கத்தானே வெச்சது! 16ஆம் நூற்றாண்டு வாக்குலதான் அந்தப் பேரு கதவு போட்ட அலமாரிக்குப் போச்சு. கப்பு வெளிய போயிடுச்சு, பேரு தங்கிடுச்சு.

இன்னொண்ணு, வெள்ளைக்காரங்க அதைக் 'கபர்ட்'னுதான் சொல்வாங்க. கப்புல (cup) இருக்கற 'பி' (P) எங்க போச்சு? உதட்டுல விரலை வெச்சுச் சொல்லிப் பாருங்க. அந்த P-க்கும் உதடு ஒட்டணும், அடுத்து வர்ற போர்டோட (board) முதல் எழுத்து B-க்கும் ஒட்டணும். ரெண்டு தடவை ஒட்டறதுக்கு ஒரு தடவையோட முடிச்சுக்கறாங்க. ராஸ்பெர்ரியிலயும் (raspberry) இதே கதைதான், B-க்கு முன்னாடி இருக்கற அந்த P-யும் காதுல விழாது.

ஆனா எனக்குப் பிடிச்சது அந்தப் போர்டுதான். நம்ம ஊர் பஸ் ஸ்டாண்டு பக்கம் பழைய 'போர்டிங் அண்ட் லாட்ஜிங்' பாத்திருப்பீங்க. ரெண்டும் தங்கறதுதானே, ஏன் ரெண்டு வார்த்தைன்னு கேப்பாங்க. இல்லங்க. கீழ இலை போட்டுச் சோறு போடறாங்களே, அது போர்டிங். மாடியில ரூமு, அது லாட்ஜிங். போர்டிங் ஸ்கூல்லயும் அந்தச் சாப்பாட்டு மேசைதான் இருக்கு. கம்பெனி 'போர்டு' கூடுதுன்னு சொல்றமே, மேசையைச் சுத்தி உக்காந்தவங்களுக்கே அந்த மேசையோட பேரு வந்துடுச்சு.

ஸ்டார்போர்டு பத்தி யாராவது கேப்பீங்கன்னு காத்துட்டே இருக்கேன். கப்பலோட வலது பக்கம் அது. அங்க போர்டுன்னா கப்பலோட பக்கம். 'ஸ்டார்' நட்சத்திரமே இல்ல, 'ஸ்டியர்' பண்றதுங்கற பழைய சொல்லு. அந்தக் காலத்துல கப்பலைத் திருப்பற துடுப்பு வலது பக்கம்தான் கட்டியிருக்கும்.